மூன்றாவது வாளி

நகக்கண் அளவு காகிதம்.
குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் ஆவி பட்டதும்
வெள்ளை மஞ்சளானது.
மஞ்சள், பாகு முற்றிய வெல்லமானது.

எண்ணெய் ஆலையின் பரிசோதனை அறை, இரவு ஷிப்ட்.
செம்பனை எண்ணெயின் புளிப்பை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.
இது என் சொந்த பாட்டில்,
என் வீட்டுத் தண்ணீர்.

தோட்டம் கைமாறியபோது பைப்பை அடைத்தார்கள்.
லயத்தை விட்டு வந்த முப்பத்திரண்டு குடும்பம்
பெக்கான் கெலாடிக்குப் பின்னால்
பழைய ஈயக் குட்டை ஓரம்
மலிவு வீடு வாங்கினோம்.
ஈயத்தைத் துரையும் தவுக்கேயும் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள்.
அதனோடு மண்ணில் படுத்திருந்ததை
யாரும் தொடவில்லை.
விலைபோகாத சரக்கு அது.

பாஷாணத்தில் புழுத்த புழு என்று
அடங்காத பிள்ளையைத் திட்டும் ஊர் எங்களுடையது.
அந்த வசவை அன்றிரவுதான்
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ருசி மாறலையே" என்றார் லாரிக்கார அமிர்தராஜு.
என் முன்னாலேயே ஒரு கிளாஸ் குடித்தும் காட்டினார்.

கடையில் விற்கும் வடிகட்டி
மூவாயிரத்து நானூறு வெள்ளி.

முதல் வாளியில் செம்பனைக் கொட்டை ஓட்டுக் கரி.
பாய்லர் வாசலில் மலையாய்க் கிடப்பது, கேட்பாரில்லை.
தண்ணீர் பளிங்காய் இறங்கியது.
காகிதம் வெல்லமாகவே இருந்தது.

இரண்டாவதில் டுரியான் தோல்.
பசார் கலைந்த பின் மூட்டை மூட்டையாய்ச் சுமந்து
உள்ளங்கை எல்லாம் முள்,
காயவைத்து இடித்துக் கொட்டினால்
தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

இரும்பைத் துரு பிடிக்கும்.
துரு எதைப் பிடிக்கும்?

ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டபோது
அறுத்தெறிந்த மங்குக் கம்பிகள்
ஞானமுத்து பட்டறையின் பின்புறம் சுருள் சுருளாய் இருந்தன.
காடியில் ஊறப்போட்டேன்.
மூன்றாம் நாள் செம்பழுப்புக் குழம்பு.
அதில் டுரியான் தோலைச் சுட்ட கரி.
மேலே, ரொஹானா கடையில் தின்றெறிந்த
கெராங் சிப்பிகளின் சாம்பல்.
பிசைந்தேன், கழுவினேன்,
தகரத்தில் பரப்பி வெயிலுக்குக் கொடுத்தேன்.

காகிதம் வெள்ளை.
திருப்பிப் பார்த்தேன், வெள்ளை.
காலாவதியான டப்பாவோ என்று
தேதியைப் பார்த்தேன்.
இல்லை.

"இரும்பு வாடை அடிக்குதே" என்றார் அதே அமிர்தராஜு.
விஷத்துக்கு வாசமில்லை.
முறிவுக்குத்தான் வாடை.
அவர் மனைவி கலாராணி குடத்தை முன்னால் நீட்டினாள்:
"இவரை விடுங்கக்கா, எனக்கு இப்ப மூணு மாசம்."

வீட்டுக்கு ஒரு வாளி,
குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்.
பத்தொன்பது வீடுகள் ஒத்துக்கொண்டன.
மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.
என் நகங்களைப் பார்த்து
மேனேஜர் மருதாணியா என்றார்.
ஆமென்றேன்.

நாற்பத்தொன்றாம் நாள்
காகிதத்தில் மெல்லிய மஞ்சள்.
துருவுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.
ஓடு, தோல், சிப்பி, கம்பி,
எல்லாமே எறிந்த இடத்திலிருந்து பொறுக்கியவை.
இப்போது எறியவே முடியாத ஒன்றை
வாளியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
குப்பை லாரி ஆற்றோரம் கொட்டும்.
ஆறு அடுத்த கம்பத்துக்குப் போகும்.

ஞானமுத்து சிமெண்டு தந்தார்.
பெயிண்ட் டின்னில் குழைத்துக் கட்டியாக்கி
ஒவ்வொன்றின் மேலும் ஆணியால் தேதி,
தொடாதே என்று மூன்று மொழியில்.
மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று.
முதலாவதற்கு, கிடைத்தது என்று பதில் வந்தது.

வீட்டுக்குப் பின்னால்
பலகை போட்டுத் தரையிலிருந்து தூக்கி
அடுக்கியிருக்கிறேன், பதினேழு கட்டிகள்.
மழைச் சத்தம் கேட்டால்
எந்த நேரமானாலும் எழுந்து போய்
தார்ப்பாயின் நுனியை
இழுத்துவிட்டு வருகிறேன்.