ஒன்றே முக்கால் ஆம்பியர்

சாவியை மேசையில் வைக்கும்போதே
குறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார் வைரக்கண்ணு.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால்
டிக்கி தானாகத் திறந்துகொள்கிறது.
கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடுகிறது.
ராத்திரி நிறுத்தினால் விடிகாலையில் பேட்டரி பிணம்.
இது மூன்றாவது பேட்டரி.
மூளையையே மாற்றணும் என்று திருச்சி ஷோரூமில்
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
"உனக்கு ஜெர்மன் வண்டியெல்லாம் தெரியுமாம்மா?"

தெரியாது.
கரண்ட் தெரியும். அதற்குச் சொந்த ஊர் கிடையாது.

ஸ்கேனரைச் செருகினேன். முப்பத்தொரு பிழைகள்.
ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து கத்தினால்
கத்தாமல் இருப்பவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி
நடுவே மீட்டரைக் கோத்தேன்.
கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைக்க
கொண்டியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினேன்.
அப்புறம் நாற்பது நிமிஷம் சும்மா இருக்கணும்.
இந்த மாதிரி வண்டிகள் சட்டென்று தூங்காது.
ஜெபநேசன் டீ வாங்கி வந்தான்.
மன்னார்குடி பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது.
தூங்கும் வண்டி ஐம்பது மில்லி ஆம்பியர் குடிக்கலாம்.
இது ஒன்றே முக்கால் ஆம்பியரை
உறிஞ்சிக்கொண்டு படுத்திருந்தது.

ப்யூஸ்களைப் பிடுங்கினேன்.
ரேடியோ இல்லை. சீட் ஹீட்டர் இல்லை
(தஞ்சாவூர் ஜில்லாவில் சீட்டுக்கு ஹீட்டர்!).
முப்பத்தேழாவது கையோடு வந்ததும்
எண் சரிந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
அது டிரைவர் சீட்டுக்குக் கீழே போனது.
கார்ப்பெட்டைக் கிளப்பினால்
நடவு முடிந்த வயலின் வாடை.
ஸ்பாஞ்சு முழுக்கத் தண்ணீர்,
மாட்யூலின் பின்களில் பச்சைக் களிம்பு,
அதன் பக்கத்தில்
வெள்ளையாய் முளைவிட்ட நாலு நெல்.

தை மாசம் ரோட்டில் காயும் நெல்லின்மேல்
கூரைக் கண்ணாடியைத் திறந்துபோட்டு ஓட்டியிருக்கிறார்.
கூரையின் நாலு மூலையிலும் வடிகால் உண்டு,
பென்சில் கனத்தில்,
கதவுத் தூணுக்குள் இறங்கிக் கீழே போகும்.
வலது முன்மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன்.
நின்றது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கார்த்திகையில் கடைமடையில் எங்கள் ஆறு மா
பதினொரு நாள் இப்படித்தான் நின்றது.
கரையில் தூர்வாரியதற்கான போர்டு மட்டும்
நனையாமல் இருந்தது.
தொகை, நீளம், ஒப்பந்தக்காரர் பெயர்.
ஆர்.சி. புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
இனிஷியல்கூட மாறவில்லை.

"காத்து அடிச்சிரலாமாக்கா?" என்றான் ஜெபநேசன்.
அடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடும்.
விரால் பிடிக்கும் தடித்த தூண்டில் நரம்பை
நுனி மழுக்கி, திருகித் திருகி இறக்கினேன்.
உமி, புழுதி, வேப்பிலைக் காம்பு.
ஒரு இடத்தில் முட்டியது. இழுத்தேன். இறக்கினேன்.
களக் என்றது தூணுக்குள்.
கதவுக்கடியில் கறுப்பாய் ஒரு வாய்க்கால்
ஷெட் தரையில் ஓடி
என் செருப்பை நனைத்தது.

களிம்பை ஸ்பிரிட்டில் பல்துலக்கி வைத்துத் தேய்த்தேன்.
பின் இரண்டைப் பற்றவைத்தேன்.
ஸ்பாஞ்சு இரண்டு நாள் டயர் அடுக்கின்மேல் காய்ந்தது.
மூன்றாம் நாள் ராத்திரி மீட்டரில்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு.

"என்னதான் கோளாறு?"
"வடிகால் அடைப்பு, சார்."
"அவ்வளவுதானா? சரி, பில்லில் மாட்யூல் மாத்தினதாப் போட்டுடு.
இன்சூரன்ஸ்காரன் கொடுப்பான்."

எழுதினேன்.
வடிகால் நான்கு, தூர் வாரியது: அறுநூறு.
பின் பற்றவைத்தது: எண்ணூறு.
கார்ப்பெட் காயவைத்தது: கூலி இல்லை, வெயில்.

முதல் வரியைப் படித்தார்.
திரும்பவும் அதையே படித்தார்.
பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு
ஏறிக்கொண்டார்.

திருப்பத்தில் பிரேக் போட்டபோதுதான் பார்த்தேன்,
இடது விளக்கு எரியவில்லை.
கைதட்டிக் கூப்பிட்டேன்.
கண்ணாடி ஏற்றியிருந்தார்.