பாணி பூசுதல்

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள்.
நாற்பது நாள் மீனும் மரக்கறியுமாய்ப் பொறுத்த குருநகர் ஒழுங்கைகள்
மத்தியானமே இறைச்சி வாசத்தில் எழும்பிவிட்டன.
எங்கள் வளவில் மட்டும் இன்னும் சண்டை.

தகரப் பீப்பாவை நெடுக்காய்ப் பிளந்து
கால் நாலு ஒட்டிக்கொண்டு வந்தவர் றெமிஜியஸ், என் மனுசன்.
மேலே விரித்த கம்பிவலை
இறால் கூட்டுக்கு வாங்கியதில் மிஞ்சினது.
சிரட்டைக்கரி நான் மூட்டியது.
போத்தல் பொஸ்கோ அனுப்பியது:
கண்ணாடியே இலையாய் விரிந்த போத்தல்,
உள்ளே வெறும் தேத்தண்ணியின் நிறம்.
ரொறன்ரோவிலிருந்து மூன்று சோடி காலுறை சுற்றி
உடையாமல் வந்து சேர்ந்தது.

"இதென்ன, இருமல் மருந்தோ?" என்றார் அந்தோனியா மாமி.
"இறைச்சிக்கு ஆர் பாணி ஊத்துவினம்?
அது புட்டுக்கெல்லோ."

முதல் தட்டு கரிந்தது.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
பாணியை முதலே தடவிவிட்டோம்;
இனிப்புக்குப் பொறுமை கிடையாது,
கொழுப்பு உருகுமுன்னே கறுத்துப்போனது.
வெளியே சட்டிக்கரி,
உள்ளே பன்றி பச்சை.
நாய்க்குப் போட்டோம்.
நாய் மணந்துவிட்டு
மாமியின் முகத்தைப் பார்த்தது.

இரண்டாம் தட்டுக்கு
உரும்பிராய் முந்திரிகைப்பழம் ஒரு கிலோ,
புளிப்பு, கொட்டையோடு,
சட்டியிலிட்டு அகப்பையால் நசித்தேன்.
தோல் வெடித்து ஊதா வடிந்தது.
செத்தல் மிளகாய் எட்டு,
மாமி அதைப் பன்னிரண்டாக்கினார்.
உப்பு, உள்ளி, விளாம்பழத்தில் பாதி.
மற்றப் பாதியை அபிஷன் கரண்டியோடு கொண்டு ஓடிவிட்டான்.
சாறு வற்றி, கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றபோதுதான்
பாணி. மூன்று மேசைக்கரண்டி.
குமிழிகள் சின்னனிலிருந்து பெரிசாகி
பிறகு சோம்பேறியாகின.

இறைச்சி முதலில் தனியே வேகட்டும்,
உப்பும் மஞ்சளும் போதும்.
கொழுப்பு சொட்டச் சொட்ட
கரி திட்டும். திட்டட்டும்.
கடைசிப் பத்து நிமிசம் மட்டும்
ரம்பை இலைக் கட்டைத் தோய்த்துப்
பூசு, திருப்பு, பூசு.
புதுசாய்த் தார் அடித்த வள்ளம் மாதிரி
விலா எலும்புகள் மினுங்கின.

மாமி ஒன்றைக் கடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொன்றை எடுத்து வைத்துக்கொண்டு
"பாண் கிடக்கோ?" என்றார்.

ஏழு மணிக்குப் பொஸ்கோவை வீடியோவில் எடுத்தோம்.
அங்கே காலை ஒன்பதரை.
இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்,
ஜாக்கெட்டும் கழற்றவில்லை, தொப்பியும் கழற்றவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பனி, சித்திரையிலும்.
எலும்பைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார் றெமிஜியஸ்:
"மச்சான், இஞ்ச பார், உன்ர பாணி!"

சிரித்தான்.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான்.
பிறகு கேட்டான்:
"அது என்ன ருசி, அக்கா?"

"ஏன்ரா, நீ..."

"பெட்டி பெட்டியாய் லொறியில ஏத்துறன்.
காசு குடுத்து வாங்கினது அந்த ஒண்டுதான்,
உங்களுக்கு."

வாயைத் திறந்தேன்.
பனம்பாணி மாதிரி என்றால் பொய்.
தேன் என்றாலும் பொய்.
புகை இருக்கிறது, அது எங்கள் சிரட்டையின் புகை.
புளிப்பு உரும்பிராயின் புளிப்பு.
உறைப்பு முழுக்க மாமி.
இதெல்லாம் கழித்து மிஞ்சுவது
மழை விட்டபின் மரப்பட்டையை
நாக்கால் தொட்டால் எப்படியோ அப்படி,
நான் மரப்பட்டையைத் தொட்டுப் பார்த்ததுமில்லை.

"கொஞ்சம் பொறு" என்றேன்.
எறும்புக்காகத் தண்ணீர்த் தட்டில் நின்ற போத்தலை எடுத்து
கழுத்தில் வழிந்து காய்ந்திருந்ததை
விரலால் வழித்து
இறைச்சியில்லாமல், பழமில்லாமல்,
அன்றைக்கு முதல்முறையாய்
நாக்கில் வைத்தேன்.

அவன் அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டுக்
காத்திருந்தான்.