ஐந்தாவது கட்டம்

சென்டாய் ஸ்டேஷனுக்குப் பின்னால்
மிச்ச டிக்கெட் விற்கும் கடையில்
ஐந்து நாள் பயணச்சீட்டு ஒன்று கிடந்தது.
நாலு கட்டத்தில் முத்திரை விழுந்தாயிற்று.
ஐந்தாவது காலி.
"மீந்துபோனது, அதனால் மலிவு" என்றான் கடைக்காரன்,
நேற்றைய ரொட்டியைப் பற்றிப் பேசுகிறவன் போல.

நள்ளிரவு வரை எவ்வளவு தூரமும் போகலாம்,
ஆனால் எல்லா ஊரிலும் நிற்கிற ரயிலில்தான்.

முத்திரைகளைப் படித்துக்கொண்டே போனேன்.
ஹிமேஜி. மத்சுயே. மய்சுரு. நிகாதா.
யாரோ ஒருவர் ஜூலைக் கடைசியில்
மேற்கிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து என் ஊர்வரை வந்து
ஒரு நாளை விற்றுவிட்டுப் போயிருக்கிறார்.
பணமா, காதலா, கால்வலியா?
மத்சுயே மட்டும் ஈரத்தில் கலங்கியிருந்தது.

பெட்டிச்சோறு ஃபாக்டரியில் எனக்கு இன்று விடுப்பு.
எட்டு வருஷமாய்
வெள்ளைச் சோற்றின் நட்டநடுவில்
உப்பில் ஊறிய பிளம் ஒன்றை அமுக்குகிறேன்.
அரிசி மூட்டைமேல் எப்போதும் ஒரே பெயர்: அகிதா.
இத்தனை நாள் அந்தப் பெயரை
மூட்டைமேல் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கிதாகாமியில் மாற வேண்டும்.
என் மூன்று மணி நேரத்தை
ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் போனது புல்லட் ரயில்.
போகட்டும்.
ஓரம் உடைந்ததால் கழித்துவிட்ட
சோற்றுருண்டை மூன்று கொண்டுவந்திருந்தேன்.
இரண்டைத் தின்றேன்.
எதிர் இருக்கையில் பேஸ்பால் பையைக் கட்டிக்கொண்டு
தூங்கிய பையன்
நான் கடிக்கும் ஒவ்வொரு முறையும் கண் திறந்தான்.
மூன்றாவது அவனுக்குப் போயிற்று.

ஹொத்தோயுதா. ஸ்டேஷனுக்குள்ளேயே வெந்நீர்க் குளம்.
குளிக்கிறவர்கள் ரயிலைத் தவறவிடாதிருக்க
சுவரில் ஒரு சிக்னல்:
பச்சை என்றால் நிதானம், மஞ்சள் என்றால் எழுந்திரு,
சிவப்பென்றால் துணியை வாரிக்கொண்டு ஓடு.
"மஞ்சள்தானே, தலை அலசலாம்" என்றாள்
கழுத்துவரை அமிழ்ந்திருந்த கிகுனோ.
"நீங்களும் இந்த ரயிலுக்கா?"
"எனக்கு ரயிலே இல்லை.
விளக்கு மாறுவதைப் பார்க்க வருவேன்."
சிவப்பு விழுந்ததும்
எனக்கு முன்னால் அவள்தான் கத்தினாள்.

சொட்டும் தலையோடு அகிதாவில் இறங்கும்போது
தெரு இருட்டத் தொடங்கியிருந்தது.
பறை முழங்கியது. புல்லாங்குழல் கூடவே கீச்சிட்டது.
ஒரு மூங்கிலில் நாற்பத்தாறு காகித விளக்கு,
ஒவ்வொன்றுக்குள்ளும் நிஜ மெழுகுவர்த்தி.
முற்றிய கதிர் போல வளைந்து ஆடியது அது.
உள்ளங்கையில் நிறுத்தினான் ஒருவன்.
நெற்றிக்கு ஏற்றினான்.
பிறகு இடுப்பில் நிறுத்தி, இரு கையையும் விரித்து,
விசிறியை எடுத்து வீசிக்கொண்டான்,
வீட்டு வாசலில் காற்று வாங்குகிறவன் மாதிரி.
தொக்கொய்ஷோ! தொக்கொய்ஷோ!
தெருவே கத்தியது. நானும்.

காற்று திரும்பியது.
கதிர் முழுவதும் எங்கள் பக்கம் சாய்ந்தது.
ஓடவில்லை யாரும். நானும் ஓடவில்லை,
தைரியத்தால் அல்ல, கால் மரத்துப்போயிருந்தது.
கயிற்றில் தடுக்கி விளக்குகள் தலைக்கு மேலே தொங்கின,
ஒன்று பாக்கியில்லாமல் அணைந்து.
சட்டைக் கையில் சூடாக ஒரு சொட்டு.
"சுட்டுவிட்டதா?" என்று குனிந்தான் நீல அங்கிக்காரன்.
வியர்வை அவன் மூக்கிலிருந்து என் செருப்பில் விழுந்தது.
"இல்லை, இல்லை. சீக்கிரம் கொளுத்துங்கள்."

கொளுத்தினார்கள்.
ஒன்று மட்டும் பிடிக்கவில்லை.
நாற்பத்தைந்தோடு மறுபடி எழுந்தது.
கைதட்டலில் வித்தியாசம் தெரியவில்லை.

கையில் அறுநூற்றுப் பத்து யென் இருந்தது.
காலைப் பேருந்துக்கானது சாக்ஸுக்குள்.
ஸ்டேஷன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில்
மணி பன்னிரண்டானது,
சீட்டு வெறும் அட்டையானது.
சட்டையில் உறைந்த மெழுகைச் சுரண்டினேன், பாதி வந்தது.

கழுத்து வலித்தது.
எட்டு வருஷமாய்க் குனிந்தே இருந்த கழுத்து,
ஒரே ராத்திரியில் அத்தனை நேரம் அண்ணாந்தால்
வலிக்காமல் என்ன செய்யும்?