வெத்து எடை

லோடு எடைக்குக் கிளீனர் பையன் வண்டியிலேயே இருப்பான்.
இறக்கிவிட்டு வெத்து எடைக்கு வரும்போது
டீ குடிக்கப் போயிருப்பான்.
நாப்பத்தெட்டுக் கிலோ, தேங்காய்ப் பருப்பு விலையில்.
பதினோரு வருசமாய் முத்தூர் ரோட்டில்
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
கேபினை எட்டிப் பார்த்துத் தலை எண்ணாமல்
பொத்தானை அழுத்துவதில்லை.

இப்போது ஊருக்கே லோடு வந்திருக்கிறது.
எம்மெல்லே கருமாதி முடிந்து மூணு மாசம்.
வெள்ளகோவில் வரைக்கும் எந்த லாட்ஜிலும் ரூம் இல்லை.
தேதி அறிவிப்பதற்கு முந்தின வாரம்
ஒரே ராத்திரியில் எங்க வளவுக்குத் தார் வந்தது.
ஜல்லி வண்டி என் மேடையில்தான் ஏறியது.
காட்டியது பன்னிரண்டு டன், எழுதச் சொன்னது பதினெட்டு.
முடியாதுங்க என்றேன்.
அக்கட்டால இருக்கிற மேடைக்குப் போய்விட்டார்கள்.

தெய்வசிகாமணி, களத்துக்காரர்.
பருப்பில் ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பவர்.
எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்த ராத்திரி
கோயமுத்தூருக்குக் கார் விட்டவரும் அவரேதான்,
பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.
இரண்டையும் ஒரே மேடையில் எப்படி ஏற்றுவது?
இன்றைக்கு அவர் ஜீப்பில் இரண்டு மந்திரிகள்.
ஓட்டு எண்ணி முடிந்ததும்
டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஹேமலதா செத்தவரின் மருமகள்.
மாமனார் படம் பெரிசு, இவள் முகம் அதற்குக் கீழே.
கிணற்றில் சாயத்தண்ணி ஊறுவதைப் பற்றி
எங்க வார்டில் யாரோ கேட்டார்கள்.
மைக்கை வாங்கிப் பேசியது பக்கத்தில் நின்ற மச்சான்.
அதற்கு முன்னால் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
என்ன சொல்ல வந்திருப்பாள் என்று
மூணு நாளாய் யோசிக்கிறேன்.

ரங்கநாயகி சுயேச்சை, சின்னம் தையல் மிஷின்.
பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்தவள்.
டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி ஓட்டுக் கேட்கிறாள்.
கடைமடைக்குத் தண்ணி வராத நாளெல்லாம்
தேதியோடு ஒப்பிப்பாள்.
போன தடவை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
மனு ஜெராக்ஸ் எடுக்க என்னிடம் வாங்கிய முந்நூறு
இன்னும் திரும்பவில்லை,
கேட்டால் அது ஊர்க்காரியத்துக்குங்கக்கா என்கிறாள்.
நாக்கு வேறு நீளம்.
எங்க முதலாளியை முகத்துக்கு நேரே திருடன் என்றாள்.
பொய் இல்லை.

"செயிக்கிற பக்கம் போட்டுப் போட்டு வா,
மீதி இருக்கிறதே இருபத்தாறு மாசம்" என்கிறார் வீட்டுக்காரர்.
இருபத்தாறு மாசத்தில்
இப்போது நட்ட தென்னை பாளை விடாதுதான்.
ஆனால் ஒரு போர்வெல் வற்றிவிடும்,
எட்டாவது படிக்கிற பிள்ளை பத்தாவது முடித்திருக்கும்.

நேத்துப் பொழுதோட கவர் வந்தது,
இரண்டு பக்கத்திலிருந்தும்.
வாங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதை வைத்தாலும் என் மேடை சுழியம்தான் காட்டும்.
அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் தட்டுகிறது.

இஸ்கூலில் வரிசை சீக்கிரம் நகர்ந்தது.
விரலில் மை வைத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அழுத்தினேன்.
பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு
ஏழு விநாடி நின்றது.
நான் ஒரு எடைக்கு மூணு சீட்டு அடிப்பவள்,
டிரைவருக்கு, வாங்குகிறவருக்கு, ஆபீசுக்கு.
இதில் எனக்கென்று ஒன்று கிடையாது.
அது விழுந்த பிறகுதான்
கேபினை எட்டிப் பார்த்தேனா என்று
சந்தேகம் வந்தது.

வேப்ப மரத்தடியில் நின்ற வீட்டுக்காரர்
யாருக்கு என்று கண்ணாலேயே கேட்டார்.
ராத்திரி எனக்கு சிப்ட் இருக்குதுங்க,
கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுடுங்க என்றேன்.