வைப்பறை

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஜெராக்ஸ் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவில்
ஒரு மேசை போட்டு
இருபத்திரண்டு வருஷமாய் வீடு வரைகிறேன்.
எனக்கு வீடு இல்லை, அது வேறு கதை.

நான் வரைந்ததில் பாதி பொய்.
கோட்டில் பொய் இல்லை, கோடு சுத்தம்.
கோட்டுக்குள் எழுதும் பெயர்தான்.

கிரேன் மேஸ்திரி சந்து, ஏழாம் நம்பர்:
தனகோட்டியின் மொட்டைமாடியில்
'தண்ணீர்த் தொட்டி அறை' ஒன்று இருக்கிறது.
தொட்டி அங்கே இல்லை.
அவர் மகனும் மருமகளும் இருக்கிறார்கள்,
மூன்று மாதக் கைக்குழந்தையோடு.
பதினொன்றாம் நம்பர் 'படிக்கட்டு மேற்கூரை'க்குள்
ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த எட்வின்
பகலெல்லாம் முழங்காலை மடக்கித் தூங்குகிறான்.
மும்தாஜ் அக்கா பிள்ளைகளோடு படுக்கிற இடத்துக்கு
நான் வைத்த பெயர் 'வைப்பறை'.
எதை வைப்பது?
அரிசி டிரம்மை, தையல் மெஷினை,
இரண்டு மகள்களின் பப்ளிக் பரீட்சையை.

விதி ஒன்றே ஒன்றுதான் கேட்கும்:
தெரு எத்தனை அகலம்?
டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க
எதிர்ச் சுவரில் பெனிட்டா கட்டை விரலால் அழுத்த
இரண்டு மீட்டர் எண்பத்தேழு.
மூன்று இருந்தால் இரண்டாம் மாடிக்கு அனுமதி.
ஒரு சாண்கூட இல்லை குறைவது.
அது யார் வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறதென்று
தீபாவளிக்கு முதல் நாள் சந்தே அடித்துக்கொண்டது.
கோட்டீஸ்வரி பேசவில்லை,
கடப்பாரை எடுத்துத் தன் வாசற்படியை
தானே பெயர்த்துப் போட்டாள்.
மறுபடி அளந்தோம்.
படி கணக்கில் வராதாம், சுவர்தான் கணக்காம்.
இப்போது மழை பெய்தால்
சாக்கடை முதலில் எட்டிப் பார்ப்பது அவள் வீட்டைத்தான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரைபடத்தில்
ஊதா.
ஊதா என்றால் தொழிற்சாலை.
ஆணி கம்பெனி மூடிய அன்று பிறந்தவனுக்கு
இப்போது முன்நெற்றி வழுக்கை.
ஆனாலும் ஊதா ஊதாதான், மனுஷன் குடியிருக்கக் கூடாது.
எருமைகள் படுத்திருக்கின்றன,
அவற்றுக்கு நிறம் தெரியாது.
இந்தப் பக்கம் மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு.
மஞ்சளில் புரண்டு படுக்க இடமில்லாமல்
அஞ்சலாட்சியின் குடும்பம்
மூன்று பஸ் மாறும் தூரத்துக்குப் போயிற்று.
அங்கிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு
காசிமேட்டு ஏலத்துக்கு வர
எந்த பஸ் என்று
எந்தக் காகிதத்திலும் இல்லை.

போன மாதம் விதி மாறியது.
இரண்டரை மீட்டர் போதும்,
ஊதாவில் பாதிக்கு மஞ்சள் பூசலாம்.
டிபன் கடைக்காரர் இரண்டு நாள் எனக்கு
காசு வாங்காமல் டீ கொடுத்தார்.
கேட்டிலிருந்து கியூ,
ஆளுக்கொரு பழைய பிளானைச் சுருட்டிக்கொண்டு.
மும்தாஜ் அக்காவின் தாளை விரித்தேன்.
பிளேடால் பக்குவமாய்ச் சுரண்டி
'வைப்பறை'யை அழிக்கப் போனேன்.
உள்ளதை உள்ளபடி எழுதும் முதல் நாள்,
கை லேசாய் நடுங்கியது.
"வுடு தம்பி," என்றாள். "ரூமுன்னு எழுதினா
வரி ஏறும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கூட்டம் கலைந்த பிறகு
என் வீட்டுக்காரர் வந்தார்.
நான் குடியிருக்கும் ஓட்டு வீட்டை இடித்து
மூன்று மாடி, ஆறு போர்ஷன்.
"நீயே வரை, வெளியாளுக்கு ஏன் கொடுப்பது?
அதில் ஒண்ணு உனக்குத்தான்."
வாடகை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஸ்கேலை எடுத்தேன்.
ஆறு குடும்பம் நிமிர்ந்து நிற்கலாம்,
ஆறு ஜன்னல், வெளிச்சம் வரும், பொய்யே தேவையில்லை.
வடகிழக்கு மூலையில்,
இன்றைக்கு ராத்திரியும் நான் தலை வைக்கப்போகிற இடத்தில்,
படிக்கட்டு வருகிறது.
வேறெங்கும் வைக்க முடியாது, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.
பென்சிலைச் சீவிக்கொண்டு
முதல் படியைப் போட்டேன்.