காயப் பதிவேடு

மஸ்கெலியாவுக்கு மேலே
மூன்றாம் நம்பர் மலை முடியும் இடத்தில் எங்கள் பெக்டரி.
சல்லடை அறைக் கதவில் மூன்று மொழியில் ஒரு பலகை:
வளையல் கூடாது, மோதிரம் கூடாது, பூ கூடாது,
நூல், கயிறு, தாயத்து எதுவும் கூடாது.
தமிழில் மட்டும் கயிறு ‘கயறு’ ஆகியிருக்கும்.
கீழே என் கையெழுத்து.

காலைச் சங்கு ஊதியதும்
பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.
வளையல் விழும். மோதிரம் விழும்.
விக்டோரியாவின் சிலுவை சங்கிலியோடு சுருண்டு விழும்.
நூல் மட்டும் விழாது.

“பிரித் நூலைக் கழற்றக் கூடாது மிஸ்,
அதுவா இத்துப் போகணும்” என்பாள் சந்தமாலி,
சிங்களம் பாதி தமிழ் பாதியாக.
“காப்புக் கட்டியாச்சு. தேர் முடியாம அவுத்தா
அம்மா சும்மா விடமாட்டா.” இது கோகிலவாணி.
காமாட்சி ஒன்றும் சொல்லமாட்டாள்.
கழுத்தில் மஞ்சள் கயிறு.
கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

பஸ்மியாவின் முக்காடு ஒன்றைத்தான்
பலகைக்கு ரொம்பப் பிடிக்கும்.
ஒரு மயிர்கூட வெளியே தெரியக் கூடாதாம்.
ஹட்டனில் இதே முக்காட்டைப் பார்த்து
‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பிய கடையைச் சொல்லிச் சிரித்தபடி
எல்லோருக்கும் முன்னால் உள்ளே போவாள்.

சட்டம் முட்டாளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஊசி விழுந்தால் இயந்திரம் கத்தும்.
நூல் விழுந்தால் யாருக்கும் கேட்காது.
எந்த நாட்டிலோ எவருடைய கோப்பையிலோ
மஞ்சளாக மிதக்கும்.

ஆடிட் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.
முதலுதவிப் பெட்டியைத் திறந்தவள் கோகிலவாணிதான்.
நீலப் பிளாஸ்டர்.
உள்ளே மெல்லிய தகடு, விழுந்தால் இயந்திரத்துக்குத் தெரியும்.
மணிக்கட்டைச் சுற்றி, காப்பின் மேலேயே ஒட்டினாள்.
அரைமணியில் பெட்டி காலி.
காமாட்சிக்குப் பிடரியில் ஒன்று.

எனக்குக் கழற்ற ஒன்றுமில்லை.
சாமியோடு பேச்சு நின்று நாலு வருஷமாகிறது.
“காயமில்லாத ஆள் நீங்க மட்டுந்தான் மிஸ், சந்தேகம் வரும்”
என்று என் கையையும் இழுத்து
ஒட்டிவிட்டாள் சந்தமாலி.

ஆடிட்டர் விதானாராச்சி மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்தார்.
சல்லடைகளைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார்.
“இருபத்தாறு பேருக்கும் இடது மணிக்கட்டிலா காயம்?”
சல்லடைகள் உதறிக்கொண்டே இருந்தன.
ஒருத்தியும் நிமிரவில்லை.
“ஆமாம் சார்.”
என் பிளாஸ்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எழுதினார்:
விபத்துகள் மிக அதிகம். கத்தி பிடிப்பதில் பயிற்சி தேவை.

சல்லடை அறையில் கத்தியே கிடையாது.

பயிற்சி நடந்தது.
ஒரு றாத்தல் பாணை அழகாக வெட்டிக் காட்டினார்கள்.
தின்றோம்.

இப்போது தலைமை அலுவலகம் பதிவேட்டைக் கேட்கிறது.
பெயர், காயம் பட்ட இடம், ஆறிய தேதி.
இரவுச் சங்கும் ஊதியாயிற்று, எழுதிக்கொண்டிருக்கிறேன்.
சந்தமாலி, நூல் இற்றதும்.
பெப்ரவரி கடைசி என்று வைத்துக்கொள்ளலாம்.
கோகிலவாணி, தேருக்கு மறுநாள், ஆற்றில்.
என்னுடையதை அன்றைக்கே பிய்த்தேன்.
ரோமத்தோடு வந்தது,
கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

காமாட்சி. பிடரி.
ஆறிய தேதி.

அவள் புருஷன் இன்றைக்கும்
மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு
இருமியபடி மலையேறினான்.
பேனாவை மூடி வைக்கிறேன்.
அந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி என்று
கொழும்பிலிருந்து கேட்பார்கள்.
கேட்கட்டும்.