ஒன்றிலிருந்து நான்கு வரை

ரூவியில் மதியம் ஒரு மணிக்குக்
கடைகள் கண்ணை மூடிவிடும்.
மொய்துக்கா ஷட்டரை முழங்கால் உயரத்தில் நிறுத்திவிட்டு
மீன்குழம்புக்குப் போய்விடுவார்.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா.
நான்கு மணி வரை
டைப்பிங் சென்டரும் நானும்
ஒரு விண்ணப்பப் படிவமும்.

பிறருக்காக எத்தனையோ ஆயிரம் நிரப்பியாயிற்று,
பக்கத்துக்கு முந்நூறு பைசா.
என் பெயரில்தான் விரல் தடுக்குகிறது.
சகாய ஜெனிட்டா. பிகாம், இரண்டாம் வகுப்பு.
வயது முப்பத்து நான்கு.
முதுகலை சமூகப்பணி, தொலைநிலை, இரண்டு ஆண்டு.

பெயரிலேயே சகாயம் இருக்கிறதே,
இனிப் பட்டம் வேறயா என்கிறார் மொய்துக்கா.
சோஹாரில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர்
சட்டம் படி, கோர்ட்டுக்காவது போகலாம் என்கிறார்.
சைக்காலஜி படிச்சா மணிக்கு இவ்வளவு என்று வாங்கலாம்,
இது தங்கச்சி, நாகர்கோவிலிலிருந்து,
வாய்ஸ் மெசேஜில், குக்கர் சத்தத்தோடு.

விருப்பப் பிரிவுகளை
ஒன்று முதல் நான்கு வரை வரிசைப்படுத்தச் சொல்கிறது படிவம்.
மருத்துவமும் மனநலமும்.
தொழிலாளர் நலம்.
குடும்பமும் குழந்தையும்.
சமுதாய மேம்பாடு.
நல்ல கட்டங்கள்தான்,
ஆட்களும் இப்படிப் பிரிந்து வந்தால்.

இருதயராஜ் ஏழு மாதச் சம்பள பாக்கியோடு வந்தான்.
தொழிலாளர் நலம் என்றுதான் நானும் நினைத்தேன்.
புகாரை அடித்து முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினால்
பேனா விரலில் நிற்கவில்லை.
தூங்கிப் பதினோரு நாளாச்சு என்றான்.
ஊரில் அவன் மனைவி
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.
கேம்ப்பில் அவன் அறையில் மட்டும்
இதே பாக்கியோடு இன்னும் ஒன்பது பேர்.
நான்கு கட்டத்திலும் ஒன்று என்று அடித்துப் பார்த்தேன்.
சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது.

இதற்கெல்லாம் மனசு போதாதா என்று
கோயிலில் ஒரு அக்கா கேட்டார்.
அவரிடம் சித்தம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.
யாரிடமும் சொன்னதில்லை.

கடப்பாக்காரி. வீட்டு வேலை.
இதே போல ஒரு மதியம், ஷட்டருக்கு அடியில்
தவழ்ந்து வந்து உட்கார்ந்தாள்.
தண்ணீர் கொடுத்தேன். பாதி பிரெட் கொடுத்தேன்.
அவள் வாயைத் திறப்பதற்குள்
எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.
பயப்படாதே, ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ,
மேடத்திடம் பேசிப் பார் என்று
என் காசில் டாக்ஸி பிடித்து
அந்த வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டேன்.
திரும்பி வரும்போது
நல்லது செய்த நிம்மதியில் ஜூஸ் குடித்தேன்.
மாதுளை.

பிறகு அந்தக் கேட் திறந்து நான் பார்க்கவில்லை.
அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் போய் நின்றிருக்கிறேன்.
கொடியில் குழந்தைத் துணிகள் காயும்.

மனசு இருந்தது, அக்கா.
மனசுதான் டாக்ஸி பிடித்தது.

படிவத்தின் ஐந்தாம் பக்கம்:
களப்பணி அனுபவம் உண்டா?
உண்டெனில் மேற்பார்வையாளரின் ஒப்பமும் முத்திரையும்.
இழுப்பறையில் ஆறு முத்திரை கிடக்கிறது,
இந்த ஊரில் முத்திரைக்கா பஞ்சம்.
இல்லை என்று அடித்தேன்.
அடித்த பிறகு அது பொய்யாகவும் தெரியவில்லை.

கட்டணம் இரண்டு தவணை.
இருபது நிமிடம் அசையாதிருந்தால்
பக்கம் தானே மூடிக்கொள்ளும் என்று எச்சரிக்கை.

இரண்டே கால்.
ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நிற்கின்றன.
ஒன்றில் சைட் ஷூ,
மற்றதில் கட்டுப் போட்டு, வார் அறுந்த ரப்பர் செருப்பு.
தட்டவில்லை. போகவும் இல்லை.

எழுந்து ஷட்டரை இன்னும் ஓரடி தூக்கினேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
எதிரில் உட்கார்ந்தேன்.
நாக்கின் நுனி வரை வந்துவிட்ட ஆறுதலை
அங்கேயே நிறுத்தி வைத்தேன்.

திரையில்
நான்கு கட்டங்களும் காலியாகவே இருந்து
அணைந்தன.
அவர் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.